ரத்தத்தில் கொழுப்பு: பெண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு

மூன்று வீடுகள். மூன்றும் ஒரே தெருவில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் வீட்டுக்கு மருமகள் வந்து மூன்று வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. சில சமயம் மூன்று மாதமும் ஆகிவிடுகிறது. உடம்பு பருத்துக்கொண்டே போகிறது. முகவாயில் ரோமம் முளைக்கிறது. "எந்த நேரத்தில் காலடி எடுத்து வைத்தாளோ!" என்று மாமியார் அலுத்துக்கொள்கிறாள். கோயில் குளம் சுற்றியாகிவிட்டது. தாயத்தும் கட்டியாகிவிட்டது. அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள். கொடி போல ஒல்லியாக வேண்டும் என்பது அவள் ஆசை. காலையில் ஒரு வாய்க் காப்பி. மத்தியானம் நாலு துண்டு வெள்ளரிக்காய். ராத்திரி ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. அம்மாவிடம் சொல்ல வெட்கம். விஷயம் தெரிந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "பரீட்சைக் கவலையாக இருக்கும். தானாகச் சரியாகிவிடும்."

மூன்றாம் வீட்டு அம்மாளுக்கு 52 வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. "ஒரு தொல்லை விட்டது" என்று இருக்கிறாள். அவள் கணவருக்கு வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எல்லாம் பார்க்கிறார்கள். அம்மாளும் கூடப் போகிறாள். கையில் பையை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிட்டு ஊசி குத்திப் பார்ப்பார் இல்லை.

மூன்று வயது. மூன்று கதை. ஆனால் மூன்றுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. உடம்பில் இருக்கும் கொழுப்புக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள உறவுதான் அந்த நூல். கொழுப்பு என்றால் மாரடைப்பு, மாரடைப்பு என்றால் ஆண் என்று ஒரு எண்ணம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு. பெண்ணின் மாதக் கணக்கும், கர்ப்பமும், நடுவயதுக்குப் பிறகு அவள் இருதயமும் இந்தக் கொழுப்போடு பின்னிக் கிடக்கின்றன.

கொழுப்பு பகைவனா?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. சமையல் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். ரத்தம் தண்ணீர் போன்றது. கொழுப்பு அதில் கரையாது. அப்படியானால் கொழுப்பு எப்படி ரத்தத்தில் ஓடுகிறது?

அதற்கு உடம்பு வண்டி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி வண்டிகள். மேலே புரதத்தால் ஆன கூடு. உள்ளே கொழுப்புச் சரக்கு. ஒரு வகை வண்டி, கல்லீரலிலிருந்து கொலஸ்ட்ரால் என்ற சரக்கை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் போய் இறக்குகிறது. இந்த வண்டிகள் அளவுக்கு மேல் பெருகினால், ரத்தக் குழாய்ச் சுவரில் சரக்கு படிந்துவிடும். அதனால் இதற்குக் "கெட்ட கொலஸ்ட்ரால்" என்று பெயர் வந்தது. இன்னொரு வகை வண்டி, மிச்சச் சரக்கைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு போகிறது. அது "நல்ல கொலஸ்ட்ரால்". இவை போக டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் உண்டு. அது உடம்புக்கு எரிபொருள். சாப்பிட்டுச் செலவழியாத சோறும் சர்க்கரையும் கடைசியில் இந்த உருவத்துக்குத்தான் மாறுகின்றன.

கொலஸ்ட்ரால் என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. பித்தப்பையில் உண்டாகும் கற்களில்தான் விஞ்ஞானிகள் இதை முதலில் கண்டார்கள். கிரேக்க மொழியில் "கோலே" என்றால் பித்தம். "ஸ்டிரியோஸ்" என்றால் கெட்டியானது. இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கல்லிலிருந்து எடுத்த பொருள் என்பதால் அது வேண்டாத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. கொலஸ்ட்ரால் இல்லாமல் மனிதன் உயிர் வாழ முடியாது. சாப்பாட்டில் வராவிட்டாலும் உடம்பே அதைத் தயார் செய்துகொள்கிறது.

பெண்மைக்கு மூலப்பொருள்

உடம்பில் சில சுரப்பிகள் உண்டு. அவை ரத்தத்தில் கலந்துவிடும் தூதுவர்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். பெண்ணைப் பெண்ணாக்கும் ஹார்மோன்கள் முக்கியமாக இரண்டு. ஈஸ்ட்ரோஜன் ஒன்று. புரோஜெஸ்டிரோன் மற்றொன்று. சிறுமி பெரியவளாவது, மாதம் ஒரு முட்டை முதிர்வது, கர்ப்பம் தரிப்பது, தரித்த கர்ப்பம் நிலைப்பது எல்லாம் இவற்றின் வேலை.

1929-ல் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட் என்ற விஞ்ஞானி கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். அது ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்தது. அதே வருடம் அமெரிக்காவில் எட்வர்டு டாய்சியும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பூட்டனாண்டுக்கு 1939-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஹிட்லர் அரசு அவரை அதை வாங்கவிடவில்லை. யுத்தம் முடிந்த பிறகு 1949-ல்தான் பட்டயமும் பதக்கமும் அவர் கைக்கு வந்தன.

அந்த ஹார்மோன் எதிலிருந்து உண்டாகிறது? கொலஸ்ட்ராலிலிருந்து! சினைப்பை ரத்தத்தில் ஓடும் வண்டிகளிலிருந்து கொலஸ்ட்ராலை இறக்கிக்கொள்கிறது. தானும் கொஞ்சம் தயார் செய்துகொள்கிறது. அதை முதலில் ஆண் ஹார்மோனாக மாற்றுகிறது. பிறகு அதையே பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. ஆம், ஒவ்வொரு பெண்ணின் உடம்பிலும் ஆண் ஹார்மோனும் கொஞ்சம் உண்டு. அது நோய் அல்ல. அளவு மீறினால்தான் தொல்லை.

முட்டை வெளிவந்த பிறகு, சினைப்பையில் அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதற்கும் ரத்தத்தில் வரும் கொலஸ்ட்ரால்தான் கச்சாப் பொருள். பிறவியிலேயே இந்தக் கொலஸ்ட்ரால் வண்டிகள் இல்லாதவர்கள் உலகில் மிக அபூர்வமாக உண்டு. அத்தகைய பெண்ணிடம் புரோஜெஸ்டிரோன் குறைந்திருந்ததை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

கர்ப்பம் தரித்து இரண்டு, இரண்டரை மாதம் ஆனதும் நஞ்சுக்கொடி இந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அது தாயின் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்து, குழந்தையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைத் தயார் செய்கிறது. அதனால்தான் கர்ப்பிணியின் ரத்தத்தில் கொழுப்பு இயற்கையாகவே ஏறுகிறது. டிரைகிளிசரைடு இரண்டு மடங்குக்கு மேலும் போவது உண்டு. பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கிவிடும். விவரம் தெரியாமல் அந்தச் சமயத்தில் கணக்கைப் பார்த்து அலறக் கூடாது. மிதமிஞ்சி ஏறியிருந்தால் டாக்டரே சொல்வார்.

நிறைய இருந்தால் நிறையச் சுரக்குமா?

இங்கே ஒரு கேள்வி எழும். "கொழுப்பிலிருந்துதானே ஹார்மோன் வருகிறது? அப்படியானால் நெய்யும் கறியும் நிறையச் சாப்பிட்டால் ஹார்மோன் நிறையச் சுரக்குமே!"

அதுதான் இல்லை. குதிரில் பத்து மூட்டை நெல் இருக்கிறது என்பதற்காக எந்த வீட்டிலும் பத்து மூட்டைச் சோறு வடிப்பதில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் உலை வைக்கிறார்கள். உடம்பிலும் அப்படித்தான். எவ்வளவு ஹார்மோன் வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்று பெயர். சினைப்பைக்கு உத்தரவு அங்கிருந்துதான் போகிறது.

அப்படியென்றால் கொழுப்பு எப்படிக் கெடுதல் செய்கிறது? குதிர் நிறைந்து வழிந்தால், சிந்திய நெல்லைத் தின்ன எலி வரும். கொழுப்பு மிஞ்சினால் ஹார்மோன்களின் உத்தரவு முறையே குழம்பிப் போகும். குதிர் காலியானால் அடுப்பே எரியாது. கொழுப்பு அற்றுப் போனால் மூளை உத்தரவையே நிறுத்திவிடும். முன்னது முதல் வீட்டின் கதை. பின்னது இரண்டாம் வீட்டின் கதை.

பட்டினியின் பலன்

இரண்டாம் வீட்டுப் பெண்ணை முதலில் பார்க்கலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். 1944 முடிந்து 1945 பிறந்த சமயம். ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு வரும் வழி அடைபட்டது. ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோயிற்று. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்திருந்தது. பிறகு சாப்பாடு வந்தது. மாதவிலக்கும் திரும்பி வந்தது.

1974-ல் அமெரிக்காவில் ரோஸ் ஃப்ரிஷ் என்ற பெண் விஞ்ஞானி, ஜேனட் மக்கார்தருடன் சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கு ஒரு பெண்ணின் உடம்பில் குறைந்தபட்ச அளவு கொழுப்புச் சேமிப்பு வேண்டும் என்றார். இத்தனை சதவிகிதம் என்று அவர் சொன்ன கணக்கைப் பற்றிப் பிறகு வாதங்கள் நடந்தன. ஆனால் சேமிப்புக்கும் மாதவிலக்குக்கும் தொடர்பு உண்டு என்பது நிலைத்தது.

எப்படி அந்தத் தொடர்பு? 1994-ல் விடை கிடைத்தது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரின் ஆராய்ச்சிக் கூடத்தில் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். இதைச் சுரப்பது எது தெரியுமா? கொழுப்பேதான்! சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்த கொழுப்பு, ரத்தத்தின் வழியே மூளைக்குச் சேதி அனுப்புகிறது. "சேமிப்பு இருக்கிறது. கவலை வேண்டாம்" என்பதே அந்தச் சேதி. சேமிப்புக் கரைந்தால் சேதியும் குறைகிறது. மூளை என்ன செய்யும்? "இந்த உடம்புக்கே சோறில்லை. இதில் ஒரு குழந்தை வேறா?" என்று சினைப்பைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப் பட்டினி கிடப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தால், கொலஸ்ட்ரால் சில சமயம் கூடியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் சாப்பாட்டைக் குறை" என்று சொன்னால் அந்தப் பெண்ணின் கதி என்ன? காகிதத்தில் உள்ள ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆளையும் பார்க்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் மெலிகிறது. இருபது வயதில் சேர்க்க வேண்டிய எலும்பு பலத்தை அறுபது வயதில் தேடினால் கிடைக்காது. ஒல்லி என்பது அழகாக இருக்கலாம். மாதவிலக்கை விலையாகக் கொடுத்து வாங்க வேண்டிய அழகு எதுவும் இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து நின்றால், "பரீட்சைக் கவலை" என்று தாய் ஒதுக்கிவிடக் கூடாது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

மலடி என்று ஏசும் முன்னே

இனி முதல் வீடு.

1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களின் சினைப்பைகளில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் போன்றவை நிறைந்திருந்தன. மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. சிலருக்கு ரோமம் மிகுந்திருந்தது. சிலருக்கு உடம்பு பருத்திருந்தது. சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று பின்னாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது இதைத்தான். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் அதிகம்.

இந்த நோயில் கொழுப்புக்கு என்ன வேலை?

இன்சுலின் என்ற ஹார்மோன், ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் சாவி. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் மிஞ்சி, தசையிலும் கல்லீரலிலும் கொழுப்புத் தேங்கினால், பூட்டில் துரு ஏறுகிறது. சாவி சுலபமாகத் திரும்புவதில்லை. கணையம் சும்மா இருக்குமா? மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது.

அந்த மிகுதியான இன்சுலின் சினைப்பைக்குப் போய் ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. அது மட்டுமா? கல்லீரல் சாதாரணமாக ஒரு புரதத்தைத் தயார் செய்யும். ரத்தத்தில் திரியும் ஆண் ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைப்பது அதன் வேலை. கல்லீரலில் கொழுப்பு ஏறி, இன்சுலினும் ஏறினால், அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. கட்டிவைக்க ஆள் இல்லை. அவிழ்த்துவிட்ட காளை போல ஆண் ஹார்மோன் சுற்றுகிறது. முகத்தில் ரோமம் முளைக்கிறது. பரு வருகிறது. முட்டை முதிர்ந்து வெளிவராமல் நின்றுவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப் போகிறது.

இந்தப் பெண்களில் பலருக்கு டிரைகிளிசரைடு கூடியும், நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தும் இருக்கும். எல்லாம் கொழுப்பினால் மட்டும் வருவது என்று சொல்ல முடியாது. பரம்பரையும் சேர்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இது வருவது உண்டு. ஆனால் பருத்த உடம்போடு இந்த நோய் உள்ளவர்கள், உடம்பு எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ உள்ள பெண் நாலைந்து கிலோ குறைப்பதுதான் அது. இது மலையைப் புரட்டும் காரியம் அல்ல.

தாயத்துக் கட்டிய மாமியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகும் மருமகளை ஏசினால் அது பாவம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறையும் சேர்ந்திருக்கிறது. பெண்ணைச் சோதிக்கும்போது புருஷனையும் சோதிப்பதே நியாயம். மகனுக்குச் சோதனை வேண்டாம், மருமகளுக்கு மட்டும் ஏச்சு என்பது எந்த ஊர் நீதி?

நின்ற பிறகு வரும் ஆபத்து

மூன்றாம் வீட்டுக்கு வரலாம்.

1948-ல் அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. 5,209 ஆண்களையும் பெண்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் மாரடைப்பு அபாயமும் ஏறும் என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியது இந்த ஆராய்ச்சிதான். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு மாரடைப்பு மிக அபூர்வம், நின்ற பிறகு அபாயம் ஏறுகிறது என்பதையும் அது காட்டியது.

காரணம் என்ன? கெட்ட கொலஸ்ட்ரால் வண்டிகளைக் கல்லீரல் திரும்ப வாங்கிக்கொள்ள வாசல்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் அந்த வாசல்களை அதிகமாகத் திறந்து வைக்கிறது. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. வாசல்கள் குறைகின்றன. வண்டிகள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஒரு வருடத்துக்குள்ளேயே கெட்ட கொலஸ்ட்ரால் சட்டென்று ஏறுவதை 2009-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது.

அதாவது, "ஒரு தொல்லை விட்டது" என்று அந்த அம்மாள் நிம்மதியாக இருக்கும் அதே வருடத்தில், இன்னொரு தொல்லை சத்தமில்லாமல் ஆரம்பமாகிறது!

சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது. அதை உண்டாக்குவது உடம்புக் கொழுப்பு. உடம்பு மிகவும் பருத்தால் இந்த ஈஸ்ட்ரோஜன் அதிகமாகிறது. அதை அடக்கிவைக்கப் புரோஜெஸ்டிரோன் இல்லை. அதனால் கருப்பையின் உட்பூச்சிலும் மார்பிலும் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளி உதிரம் பட்டாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். "உடம்புச் சூடு" என்று மோர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மாத்திரையின் பாடம்

ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தானே கொழுப்பு ஏறுகிறது? அதை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன? டாக்டர்களுக்கும் இந்த எண்ணம் வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டார்கள்.

இருதய நோய் உள்ள 2,763 பெண்களைக் கொண்டு சோதித்த முடிவு 1998-ல் வெளியாயிற்று. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கியது. நல்ல கொலஸ்ட்ரால் ஏறியது. காகிதத்தில் எல்லாம் பிரமாதம். ஆனால் மாரடைப்பு? குறையவே இல்லை! கால் நரம்புகளில் ரத்தம் உறைவது அதிகமாயிற்று. 2002-ல் இன்னும் பெரிய சோதனை ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள். இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மார்புப் புற்றுநோயும், மாரடைப்பும், பக்கவாதமும் கூடுதலாக வந்ததே காரணம்.

ஹார்மோன் மாத்திரை விஷம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. உடம்பு தகிப்பது போன்ற தொல்லை பொறுக்க முடியாதபோது, தகுந்தவர்களுக்கு டாக்டர் யோசித்துக் கொடுக்கும் மருந்து அது. இருதயத்தைக் காக்க என்று சாப்பிடும் மருந்து அது இல்லை. அவ்வளவுதான். எண்ணை அழகாக்குவது வேறு. உடம்பைக் காப்பது வேறு.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் சோதனை. 20 வயது கடந்தவர்கள் நாலு முதல் ஆறு வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தக் கொழுப்பைச் சோதிப்பது நல்லது. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களும், நின்றுவிட்டவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் காத்திராமல் சோதிக்க வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருப்பது நல்லது. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். நல்ல கொலஸ்ட்ரால் ஆணுக்கு 40-க்குக் கீழே போனால் குறைவு. பெண்ணுக்கு 50-க்குக் கீழே போனாலே குறைவு. கணவனுக்குச் சரியான கணக்கு மனைவிக்குச் சரியாகாது என்பதற்கு இதுவே சாட்சி.

கூடவே தைராய்டையும் பார்க்க வேண்டும். அது மந்தமானால் கொலஸ்ட்ரால் ஏறும். மாதவிலக்கும் கெடும். அதற்கு மருந்து கொடுத்தாலே இரண்டும் சரியாவது உண்டு.

அடுத்தது சாப்பாடு. 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. ஆராயப்பட்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் நல்ல கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. எண்ணெயும் கறியும் மட்டும் குற்றவாளிகள் அல்ல. மலை போல் குவிக்கும் சோறும், மைதாப் பண்டமும், நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காப்பியும் டிரைகிளிசரைடை ஏற்றுகின்றன. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பயறும் கீரையும் காயும் கூட்ட வேண்டும். கம்பும் கேழ்வரகும் வாரத்தில் சில நாள் வரலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி மீன் நல்லது, விலையும் மலிவு. வனஸ்பதியில் பொரித்த பண்டங்களையும், காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதையும் விட்டுவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருவார்கள். குழம்பில் காய் இருக்காது. கூட்டு தீர்ந்திருக்கும். "வீணாகப் போகிறதே" என்று மிச்சச் சோற்றையெல்லாம் தட்டில் போட்டுக்கொள்வார்கள். சத்து மற்றவர்களுக்கு, சோறு மட்டும் இவர்களுக்கு! இந்தத் தியாகத்தை யாரும் கேட்கவில்லை. பெண்ணின் பங்கை முதலிலேயே எடுத்துவைக்கும் வீடுதான் நல்ல வீடு.

மூன்றாவது நடை. தினம் அரை மணி வேகமாக நடந்தால் பூட்டில் ஏறிய துரு கழன்று, இன்சுலின் சாவி சுலபமாகத் திரும்பும். "வீட்டு வேலையே போதாதா?" என்று கேட்கலாம். அடுப்படியில் நிற்பதும் மூச்சு வாங்க நடப்பதும் ஒன்றல்ல.

மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காள் சாப்பிடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது. முக்கியமாகக் கர்ப்பிணிகளும், குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் கொலஸ்ட்ரால் மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வெட்கமா? செலவா?

"இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?" என்று பெண்கள் தயங்குகிறார்கள். பல் வலியைச் சொல்ல வெட்கம் இல்லை. தலைவலியைச் சொல்ல வெட்கம் இல்லை. மாதவிலக்கும் உடம்பின் வேலைதான். அதைச் சொல்ல மட்டும் ஏன் வெட்கம்?

"செலவாகுமே" என்று வீட்டுக்காரர் தயங்கலாம். ஒரு முழு பட்டுப் புடவையின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனையின் செலவு மிகச் சொற்பம். முடியாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

முதல் வீட்டு மருமகளுக்கு வேண்டியது தாயத்து அல்ல. இரண்டாம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியது வயிறாரச் சாப்பாடும், காது கொடுத்துக் கேட்கும் ஒரு தாயும். மூன்றாம் வீட்டு அம்மாளுக்கு வேண்டியது இன்னும் எளிது. அடுத்த தடவை பரிசோதனைக்குப் போகும்போது, கணவர் அவள் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரட்டும். அம்மாள் உள்ளே போகட்டும்.